பாதி தீர்ந்த பற்றறிகள்

"அண்ணை, அந்தப் பற்றறியை நான்தானோ கழட்டினனான்?" என்று மெற்றில்டா கேட்டபோது பாலேந்திரா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளைகளை ஒவ்வொன்றாக நார் எடுத்து ஆஸ்பத்திரித் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தவரின் கை ஏழாவது சுளையில் நின்றது. மே மாதத்து வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரிக்கு யாரோ கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு மெற்றில்டாவும் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டில் இப்படித்தான் மற்றவர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தாள், குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். குசினி தெரியுது. சுவரிலை இருந்த வெள்ளைப் பெட்டி தெரியுது. ஒரு கை மூடியைத் திறக்குது, ரண்டு பற்றறியையும் எடுக்குது. கை வடிவாத் தெரியுது அண்ணை. ஆரின்ரை கை எண்டுதான் தெரியேல்லை." அவள் தன் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்துப் பார்த்தாள். வலது கை தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. "என்ரை கையாத்தான் இருக்கவேணும், என்ன?"

"அதுகளை இப்ப யோசியாதேங்கோ. பழத்தைச் சாப்பிடுங்கோ."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் சொல்ல அவருக்கு அவ்வளவு லேசாக இருந்தது. மெற்றில்டா கண்ட கை பாலேந்திராவின் கை. அவள் மூன்றடி தூரத்தில் தேத்தண்ணீர் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷக்காற்று அவளுடைய தலைக்குள் புகுந்து எதை எதையோ அழித்துவிட்டு, அந்தக் கையை மட்டும் விட்டுவைத்து, கைக்காரரை அழித்துவிட்டது. எட்டாவது சுளையின் நாரை அவர் எடுத்து முடித்தார்.

பாலேந்திராவிடம் நாற்பத்து மூன்று ரயில்கள் இருந்தன. எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் பற்றறியில் ஓடுபவை, அறுபது எழுபதுகளில் ஹொங்கொங்கிலும் ஜப்பானிலும் வார்த்துக் கப்பலில் அனுப்பியவை. ரயில் சேர்க்கிறவர்களுக்குள்ளும் சாதி உண்டு. இரும்பு ரயில்காரர் மின்சார ரயில்காரரை மதிப்பார். இருவரும் சேர்ந்து பிளாஸ்டிக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாலேந்திராவுக்கு அதில் கவலை இல்லை. பெற்றோல் நிலையத்தில் இருபத்தாறு வருடம் காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவர். சிரிக்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஹரோவில் ஒரு தேவாலயத்துப் பழைய சாமான் சந்தையில் முதல் ரயிலை எடுத்ததற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அவர் ஒரு ரயிலுக்கும் ஏங்கியதில்லை. "ஓடாது" என்று ஒட்டுத்தாள் ஒட்டிக் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, வயிற்றைத் திறந்து, பித்தளைத் தகட்டில் பூத்திருந்த வெள்ளைத் தூளை வினாகிரியால் துடைத்துவிட்டார். அது எழுந்து ஓடியது. அவ்வளவுதான். பிறகு மனிதரால் விடமுடியவில்லை.

அந்த வெள்ளைத் தூள்தான் இந்தத் தொழிலின் எமன். எவனோ ஒருவன் நாற்பது வருடத்துக்கு முன்பு பற்றறியைக் கழற்றாமல் பெட்டியில் போட்டு மறந்திருப்பான். பற்றறி கசிந்து தகட்டைத் தின்றிருக்கும். "ரயிலுக்குள்ளை பற்றறியை விட்டு வைக்கிறவன் கொலைகாரன்" என்று பாலேந்திரா சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒருமுறை எழுதியிருக்கிறார். பதினெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

இன்னொரு விதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்ரீனிவாஸ். வெம்பிளியில் இருக்கும் சென்னைக்காரர், கம்பியூட்டர் வேலை, அந்தக் குழுவில் இருக்கும் மற்ற ஒரே தமிழர். "பழைய மோட்டாருக்குப் புது பேட்டரி போட்டா காயில் எரிஞ்சிடும் சார். பாதி தீர்ந்ததைப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க. மெதுவா எழுப்பணும், தூங்கறவங்களை எழுப்பற மாதிரி." உண்மையோ பொய்யோ, பாலேந்திரா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் பாதி தீர்ந்த பற்றறி எதற்கும் நிம்மதி இல்லை. ரிமோட்டில் இருந்து எடுப்பார், சுவர் மணிக்கூட்டில் இருந்து எடுப்பார். மணிக்கூடு நின்றது தெரியாமல் ஒருநாள் மனைவி கமலாம்பிகை பஸ்ஸைத் தவறவிட்டாள். பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறவள். அன்று அங்கே முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு பிந்தியது. மனைவி வாயால் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் சாமி அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "இந்த வீட்டுச் சாமானிலை இனிப் பற்றறி கழட்டமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றாள். சொன்னார். பதிலுக்கு அவள் குசினியில் ஒரு இழுப்பு லாச்சியை ஒதுக்கித் தந்தாள். வீட்டில் பாதி தீர்ந்ததெல்லாம் அதற்குள் வந்து விழும். வீட்டுப் பற்றறிகள் அவளுடைய பொறுப்பு. ஒக்டோபரில் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டைப் பின்தள்ளும் ஞாயிறன்று எல்லாவற்றுக்கும் புதிது போடுவாள். நீலப் பேனையால் ஒவ்வொன்றிலும் திகதி எழுதுவாள். எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாவிட்டால் அவளுக்குப் பேனை ஓடாது, ஆகவே பற்றறிக்கும் ஒரு உ.

ஜனவரிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பார்சல் வந்தது. ஆறு வருடமாகத் தேடிய கறுத்த இஞ்சின். மஞ்சள் சக்கரம், எட்டு வளைவுத் தண்டவாளம், உள்ளே சிறு துருத்தி வைத்து உண்மையாகவே கூவும் வகை. விற்றவர் "ஓடாது" என்று எழுதியிருந்தார். வயிற்றைத் திறந்தால் தகடு நேற்றுத் துலக்கியது போல இருந்தது. பாலேந்திராவுக்குக் கை பரபரத்தது. லாச்சியில் கிடந்தவற்றைப் போட்டுப் பார்த்தார், எல்லாம் செத்தவை. புதுப் பக்கெற் இருந்தது, ஆனால் ஆறு வருடம் தேடியதை எரித்துவிடுவதா? நிமிர்ந்து பார்த்தபோது, வீட்டைச் சூடாக்கும் பொயிலருக்குப் பக்கத்துச் சுவரில் காஸ் அலாரம் இருந்தது, விஷக்காற்றுக் கசிந்தால் கத்தும் வெள்ளைப் பெட்டி. ஒக்டோபர்ப் பற்றறி, மூன்று மாதம், அளவாக இருக்கும்.

பின்னறையில் மூன்று வருடமாக வாடகைக்கு இருந்த மெற்றில்டா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபோமுடன் குசினி மேசையில் இருந்தாள். குருநகர்க்காரி, தனியாள், சொந்தம் என்று கனடாவில் ஒரு தமையன். பாலேந்திராவின் ரயிலைப் பார்த்துச் சிரிக்காத மனிதர்களில் ஒருத்தி.

"அண்ணை, அதைக் கழட்டலாமோ?"

"ரண்டு நிமிசம். ஓடுதோ எண்டு பாத்திட்டுத் திருப்பிப் போடுறன்."

ஓடியது. கூவியது. மெற்றில்டா கோப்பையை வைத்துவிட்டுக் கைதட்டினாள், "இன்னொருக்கா விடுங்கோ அண்ணை" என்றாள். மூன்றாவது சுற்றில் தொலைபேசி அடித்தது. பள்ளிக்கூடத்தில் கமலாம்பிகை ஈரத் தரையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், உடனே வரச் சொன்னார்கள். பாலேந்திரா இஞ்சினைச் சுவிட்ச்கூட அணைக்காமல் பெட்டிக்குள் போட்டு, மாடிக்கு ஏறி, பெட்டியை அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். பிறகு பிளாஸ்ரர், மருந்து, சமையல், தலைவாரிவிடுவது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனை உடனே விழுந்தால் பரவாயில்லை. இது பதினெட்டு நாள் விழாமல் நடந்தது. வெள்ளைப் பெட்டி வெறும் வயிற்றோடு சுவரில் இருந்தது, அவர் அதற்குக் கீழே நின்று தினமும் தேத்தண்ணீர் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, தெரிந்தவர் மகளின் பூப்பு விழா. அவர்கள் வெளிக்கிடும்போது மெற்றில்டா வேலையால் வந்தாள். "சரியான குளிர் அக்கா, ஹீற்றரைப் போட்டிட்டுப் படுக்கப்போறன்" என்றாள். பொயிலரின் புகைக்குழாய் பொருத்தில் கழன்று விஷக்காற்று வீட்டுக்குள் புகுந்ததாகப் பிறகு சொன்னார்கள். மாலை நாலரைக்குக் கேக் துண்டோடு திரும்பிவந்தபோது ஜன்னல்கள் வியர்த்திருந்தன. மெற்றில்டா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். கதவை எட்டுவதற்கு ஒரு முழம் இருந்தது.

தீயணைப்புக்காரர் அலாரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து, வெற்று வயிற்றைக் காட்டினார். யார் எடுத்தது என்று கேட்டார். பாலேந்திராவுக்கு அந்த நொடியே எல்லாம் ஞாபகம் வந்தது. கமலாம்பிகை அழுதழுது, மெற்றில்டாவிடம் ஒரு ரேடியோ இருக்கிறது, அதற்குப் போட்டிருப்பாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதை எழுதிக்கொண்டார்கள். பிறகு, எல்லோரும் போனபின், அவள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் தொடேல்லைத்தானே?"

"இல்லை" என்றார் பாலேந்திரா. இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் அவரை நம்பாமல் இருந்ததில்லை. அன்றும் நம்பினாள்.

ஜூன் மாதம் மெற்றில்டாவை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். போக அவளுக்கு வேறு இடம் இல்லை. புதுப் பொயிலர் வந்துவிட்டது, புது அலாரமும் வந்துவிட்டது. அதில் பற்றறியைக் கழற்றவே முடியாது, பத்து வருடத்துக்கு அடைத்து வைத்தது. கமலாம்பிகை அவளைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, முன்னறைச் சாய்கதிரையில் இருத்துவாள். ஊட்டியும் விடுவாள். பத்து வரை எண்ணிப் பழக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மெற்றில்டா ஆறு வரை வருவாள், பிறகு முழிப்பாள், மறுபடி ஒன்றில் தொடங்குவாள். ஆங்கிலம் அடியோடு போய்விட்டது. இருபது வருடம் ஆங்கிலத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, ஆறுதல் சொல்லி, இறந்தவர்களின் கண்ணை மூடிவிட்டவளுக்கு இப்போது "வோட்டர்" என்ற சொல் வரவில்லை.

கனடாத் தமையன் தொலைபேசியில் கத்தியது பாலேந்திராவுக்குக் கேட்டது. "ஆரும் அலாரத்திலை கை வைப்பினமோ? உனக்கென்ன விசரோ?" மெற்றில்டா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்தபின் கமலாம்பிகையின் கையைப் பிடித்து, "என்னாலை உங்கடை வீட்டுக்குப் பழி அக்கா" என்று அழுதாள். பாலேந்திரா எழுந்து தோட்டத்துக்குப் போய், வளராத புல்லுக்குத் தண்ணீர் விட்டார்.

அலுமாரிக்கு மேல் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. ஏறி எடுத்துக் குப்பையில் போட ஒரு நிமிடம் போதும். நாலு மாதமாக அவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. உள்ளே சுவிட்ச் போட்டபடி கிடக்கும் பற்றறி இந்நேரம் செத்திருக்கும், கசியத் தொடங்கியிருக்கும். இரவில் படுத்தபடி அந்தத் தகட்டை நினைப்பார். தின்னட்டும், முழுவதையும் தின்று முடிக்கட்டும் என்று நினைப்பார். ஸ்ரீனிவாஸ் தொலைபேசியில் எடுத்துக் கேட்டார்: "சார், அந்தக் கறுப்பு இன்ஜின் என்ன ஆச்சு? வீடியோவே போடலையே?" ஓடவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் தேத்தண்ணீர் குடிப்பது மாதிரி.

கவுன்சிலில் இருந்து ஏஞ்சலா என்ற பெண் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தாள். நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், மெற்றில்டாவின் உயரத்துக்குத் தாழ்ந்து நிலத்தில் முழங்காலிட்டாள். வாடகைக்கு விட்ட வீட்டில் அலாரம் வேலை செய்யாததற்கு யார் காரணம் என்பதுதான் விஷயம். வீட்டுக்காரர் கழற்றியிருந்தால் அது வழக்கு, தண்டனை என்று வேறு வழியில் போகும்; வாடகைக்கு இருந்தவரே கழற்றியிருந்தால் விசாரணைக் கோப்பை மூடிவிடலாம். தொலைபேசியில் மொழிபெயர்க்கவேண்டிய ஆள் கிடைக்கவில்லை. இது ஆரம்பப் பேச்சுத்தான், முறையான வாக்குமூலம் பிறகு எடுப்போம், நீங்கள் சொல்லித் தரமுடியுமா என்று ஏஞ்சலா பாலேந்திராவைக் கேட்டாள். கமலாம்பிகை குசினியில் கேத்திலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாலேந்திரா தலையாட்டினார்.

பற்றறியைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று ஏஞ்சலா கேட்டாள். அவர் அதைத் தமிழில் கேட்டார்.

மெற்றில்டா நெடுநேரம் யோசித்தாள். "ஒரு கை கழட்டுது. அது தெரியுது. ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனா இந்த வீட்டிலை மூண்டு பேர்தானே. அக்கா தொடமாட்டா. அண்ணை சாமிக்கு முன்னாலை சத்தியம் பண்ணினவர் எண்டு அக்கா சொன்னவ. அப்ப நான்தான்." அவள் பாலேந்திராவைப் பார்த்தாள். தான் சரியாகச் சொன்னேனா என்று வாத்தியாரைப் பார்க்கும் பார்வை. "நான்தான் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

ஏஞ்சலா பேனையோடு காத்திருந்தாள். தெருவில் ஐஸ்கிரீம் வான் மணியடித்துக்கொண்டு போனது. பாலேந்திராவின் தொண்டையில் சரியான ஆங்கிலம் முழுவதும் இருந்தது. ஒரு கை தெரிகிறது, யாருடையது என்று தெரியவில்லை, என்று சொன்னால்கூடப் போதும். அது பாதி உண்மை, யாரையும் காட்டிக்கொடுக்காது. அதைக்கூட அவர் சொல்லவில்லை.

"தானே கழற்றியதாகச் சொல்கிறாள்" என்றார் ஆங்கிலத்தில்.

ஏஞ்சலா எழுதினாள். எழுந்து, மெற்றில்டாவின் தோளைத் தொட்டு, தொலைபேசி எண் உள்ள தன் அட்டையை ஜன்னல் படியில் வைத்தாள். பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால், யாருக்காவது ஏதாவது ஞாபகம் வந்தால், எந்த நேரமும் தொலைபேசி எடுக்கலாம் என்றாள். கதவு சாத்தியது. தான் மனிதனே இல்லை என்று பாலேந்திராவுக்கு அப்போது தோன்றியது. கூடவே, முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணை" என்றாள் மெற்றில்டா. பாரம் இறங்கிய முகம். "கோச்சி ஒருக்கா விடுங்கோவன். எவ்வளவு நாள்."

கமலாம்பிகை தேத்தண்ணீரோடு வந்து, "ஓம், விடுங்கோ. அவவுக்கும் ஒரு மாறுதல்" என்றாள். அவர் சிவப்பு இஞ்சினைக் கொண்டுவந்தார். மெற்றில்டா தலையை ஆட்டினாள். பச்சையைக் கொண்டுவந்தார். "இது இல்லை. கறுத்தது. மஞ்சள் சில்லு. கூவுமே."

"அப்பிடி ஒண்டு இல்லை, மெற்றில்டா."

"இருக்கு அண்ணை. நான் கைதட்டினனான்."

"அலுமாரிக்கு மேலை ஒரு புதுப் பெட்டி கிடக்குது, அதுவாக்கும்" என்று சொல்லிக்கொண்டே கமலாம்பிகை மாடிக்குப் போனாள். பாலேந்திரா எழும்ப நினைத்தார். கையில் இருந்த பச்சை இஞ்சினை நிலத்தில் வைத்தார். மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு இறங்கிவரும் சத்தம். அவள் தண்டவாளத்தை மெற்றில்டாவின் காலடியில் வட்டமாகப் பூட்டினாள். இருபது வருடம் பார்த்துப் பழகிய கை. இஞ்சினை வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். அசையவில்லை. "சுவிட்ச் போட்டபடியே கிடந்திருக்கு" என்று கவிழ்த்துப் பிடித்து, சின்னத் திருப்புளியால் வயிற்றைத் திறந்தாள்.

வெள்ளைத் தூள் அவள் மடியில் கொட்டியது. இரண்டு பற்றறிகளும் தகட்டோடு ஒட்டிக் கிடந்தன. நகத்தால் நெம்பி எடுத்தாள். முறிந்து பொருந்திய மணிக்கட்டால் இன்னும் சரியாக நெம்ப வராது, நேரம் எடுத்தது. எடுத்ததைப் பெருவிரலால் ஒருமுறை துடைத்தாள். பிறகு மற்றதையும் துடைத்தாள். நீல உ. அதன் கீழே ஒக்டோபர்.

பாலேந்திரா அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. எழுந்து குசினிக்குப் போய் வினாகிரியும் காது துடைக்கும் பஞ்சும் கொண்டுவந்தாள். நிலத்தில் இருந்து, தகட்டை மெல்ல மெல்லத் துடைத்தாள். தூள் நுரைத்துக் கரைந்தது. வினாகிரி நெடி அறை முழுக்க ஏறியது. எவ்வளவு நேரம் துடைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தகட்டில் பித்தளை தெரிந்ததும் லாச்சிக்குப் போய் புதுப் பக்கெற்றைப் பிரித்து, இரண்டைப் போட்டு மூடினாள். புதியதில் அவள் எதுவும் எழுதவில்லை.

"ஏன் அக்கா சுணக்கம்? விடுங்கோவன்" என்றாள் மெற்றில்டா.

"விடுறன்."

புதுப் பற்றறிக்கு இஞ்சின் எரியவில்லை. முன்பைவிட வேகமாகப் புறப்பட்டு, மஞ்சள் சக்கரம் மின்ன வளைவில் திரும்பிக் கூவியது. மெற்றில்டாவின் நடுங்கும் கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துத் தட்டின. கமலாம்பிகை பழைய பற்றறிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கே கிடந்த ஏஞ்சலாவின் அட்டையை நேராக்கி, அதன்மேல் இரண்டையும் நிமிர்த்தி வைத்தாள், எழுத்து அறைப்பக்கம் பார்க்க. பிறகு பாலேந்திராவின் தொலைபேசியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரைச் சூடாக்கப் போனாள்.

"ஒண்டு" என்றாள் மெற்றில்டா, ரயில் தன் காலடியைக் கடந்தபோது. "ரண்டு. மூண்டு." விரல் மடித்து எண்ணினாள். ஜன்னல் வெயிலில் வெள்ளை பூத்த பற்றறிகள் இரண்டும் நின்றன. "நாலு. அஞ்சு. ஆறு." அவள் நிறுத்தினாள், முழித்தாள், உதவிக்குப் பாலேந்திராவைப் பார்த்தாள். ரயில் கூவிக்கொண்டு மறுபடி வந்தது.

"ஒண்டு" என்றாள்.